செப்டம்பரிலேயே கரையேறிய படகு

ஹாரு தீவு
25 செப்டம்பர் 1955

அன்பு அக்கா எட்லாவுக்கு,

உன் தங்கை தீரா எழுதுகிறேன். போன கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். என்ன செய்ய? வெளித்தீவில் மேய்ந்த ஆடுகளை ஓட்டி வந்தோம், மீனை உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்தோம், உருளைக்கிழங்கு தோண்டினோம். விரலில் உப்பு எரிகிற எரிச்சலில் பேனாவே பிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் குடிபெயர்ந்து போனபின் இந்தத் தீவில் நாங்கள் இரண்டே பேர் அல்லவா, எல்லா வேலைக்கும் இதே நான்கு கைதான்.

ஒரு செய்தி. குளிர்காலத்துக்கு வைக்க ரூனார் இப்போதே படகைக் கரையேற்றத் தொடங்கிவிட்டார். நம்புவாயா? காற்றில் இன்னும் வெயில் மணக்கிறது. வழக்கமாக நவம்பர் தொடக்கத்தில் புனிதர் திருநாளுக்கு நொர்பி ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த பிறகுதானே படகில் கையே வைப்போம்?

"என்னங்க, இப்பவே ஏன்? அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏத்த வேண்டாமா?" என்று கேட்டேன்.

"செத்தவங்க எங்கேயும் போயிடமாட்டாங்க, தீரா. அடுத்த வருஷம் ஏத்திக்கலாம்" என்றார்.

உருளைக் கட்டைகளுக்கு மாட்டுக் கொழுப்புத் தடவி, சங்கிலியைச் சுற்றி, நாங்கள் இருவருமே இழுத்து ஏற்றினோம். அவர் சங்கிலியைச் சுற்றச் சுற்ற, நான் பின்னால் கட்டையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே வந்தேன். படகு மேலே வந்து நின்றதும் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஜூனில் டாகே ஸ்வீடனுக்குப் போனதிலிருந்து அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மகனைப் படகில் ஏற்றி நொர்பியில் கப்பல் ஏற்றிவிட்டவள் நான்தான் என்று அவருக்குத் தெரியும். இன்றுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்டோபர் கடைசியில் பல் டாக்டரிடம் காட்ட ஓபு நகருக்கு உன்னிடம் வருவதாகச் சொல்லியிருந்தேன். இனி எப்படி வருவதென்று யோசிக்க வேண்டும்.

உன் அன்புத் தங்கை,
தீரா


ஓபு
6 அக்டோபர் 1955

என் தங்கக் குட்டி தீராவுக்கு,

முகத்தைத் தூக்கித்தான் வைத்திருந்தேன், உன் கையெழுத்தைப் பார்த்ததும் இறக்கிவிட்டேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஆவியில் நின்று என் முகமும் வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி ஆகிவிட்டது, தூக்கி வைத்தாலும் எவருக்கும் தெரியாது.

செப்டம்பரில் படகைக் கரையேற்றுகிறவனை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அப்பா இருந்திருந்தால் "என்ன மாப்பிள்ளை, சனிக்கிழமைச் சாப்பாட்டை வியாழக்கிழமையே சாப்பிடறீங்களா?" என்று கேட்டிருப்பார். இந்த வருடம் பனி முந்துமென்று உன் வீட்டுக்காரருக்கு மட்டும் கடல் காதில் சொல்லிற்றா? நாங்கள் இங்கே ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறோம்.

பல்லைத் தள்ளிப் போடாதே. படகில்லாவிட்டால் போகட்டும், வாரம் ஒருமுறை தபால்படகு வருகிறதே, அதில் ஏறு. ஆற்றைப் பார்த்த அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். உன் மகன் எழுதுகிற கடிதங்களும் இங்கே பத்திரமாக இருக்கின்றன. வா, சேர்ந்து வாசிப்போம்.

அக்கா எட்லா


ஹாரு தீவு
18 அக்டோபர் 1955

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. உறை திறந்திருந்தது. மழையில் நனைந்துவிட்டதால் பிரித்து உலர்த்தினேன் என்றார் ரூனார். அன்று மழை பெய்ததாக எனக்கு நினைவில்லை. நான்தான் கவனிக்காமல் இருந்திருப்பேன்.

தபால்படகு இப்போது எங்கள் துறைக்கு வருவதில்லை. துறைப் பலகைகள் இற்றுவிட்டன, யாராவது காலை வைத்தால் விழுந்து சாவார்கள் என்று ரூனார் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டார். எனக்கு அவை நல்ல பலகைகளாகத்தான் தெரிந்தன. சின்னத் துடுப்புப் படகில் அவரே தபால்படகு கடக்கிற கடல்வாய்க்கால் முகப்புவரை போய், கடிதம் கொடுத்து வாங்கி வருகிறார்.

மற்றபடி படகு வேலைதான். அடிப்பக்கத்துப் பாசியையும் சிப்பியையும் சுரண்டினேன். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். அவர் இன்ஜினில் இருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை வடித்தார். உள்ளே ஒரு கரண்டி தண்ணீர் நின்றாலும் உறைந்து இரும்பைப் பிளந்துவிடுமே. பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் எண்ணெய் விட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். கழற்றிய பிளக்கையும் இன்ஜினுக்குப் பொறி தருகிற மேக்னட்டோவையும் ஒவ்வொரு வருடமும் அடுப்புக்கு மேல் பலகையில்தான் வைப்போம், ஈரம் ஏறாமல் இருக்க. இந்த முறை தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

"அதை யாரு எடுத்துட்டுப் போகப் போறா?" என்றேன் சிரித்தபடி.

"யாரும் எடுக்கப் போறதில்லைன்னா, பூட்டினா என்ன?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை அக்கா. அன்பாகத்தான் இருக்கிறார். நான் பால் கறந்து வருவதற்குள் காபி போட்டு வைக்கிறார். நான் எந்தப் பக்கம் போனாலும் அவர் தலை அந்தப் பக்கம் திரும்புகிறது, அவ்வளவுதான்.

பல்வலி பரவாயில்லை. கிராம்பு வைத்துக்கொள்கிறேன்.

தீரா


ஓபு
27 அக்டோபர் 1955

அன்பு தீராவுக்கு,

மைத்துனர் ரூனாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எப்படியும் நீங்கள் இதை உலர்த்துவீர்கள் அல்லவா? நீங்களே முதலில் வாசித்துக்கொள்ளுங்கள்.

ரூனார், நீங்கள் நல்ல வேலைக்காரர். உங்கள் படகைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் தங்கள் படகுக்கு வெட்கப்படுவார்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் என் தங்கைக்குப் பல் வலிக்கிறது. அவளை வாய்க்கால் முகப்புவரை கொண்டுவந்து தபால்படகில் ஏற்றிவிடுங்கள். இரண்டு வாரம் வைத்திருந்து நானே திருப்பி அனுப்புகிறேன். நீங்களும் கூட வாருங்கள். மகன் பிரிந்த வருத்தம் உங்களுக்கும் இருக்கும். என் சமையலறையில் உட்கார்ந்து அழுதால் யாருக்கும் தெரியாது.

தீரா, பதில் உன் கையால் வரட்டும்.

எட்லா


ஹாரு தீவு
9 நவம்பர் 1955

எட்லா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். பல்வலி நின்றுவிட்டது. இந்தக் குளிர்காலம் நான் எங்கும் வருவதாக இல்லை. குடும்ப விஷயங்களைக் கடிதத்தில் எழுத வேண்டாம். நீங்களும் இங்கே வரவேண்டாம், துறை பழுதாக இருக்கிறது. படகுக்குத் தார்ப்பாய் போட்டு மூடியாகிவிட்டது.

இப்படிக்கு,
தீரா


ஹாரு தீவு
28 நவம்பர் 1955

அக்கா,

இது ரூனார் கையால் வரவில்லை. நொர்பியிலிருந்து ஒசியான் தன் படகில் ஆட்டுக்கடா வாங்க வந்திருக்கிறான். குளிர்காலத்தில் தபால் தூக்குவானே, அந்த ஒசியான்தான். அவனுக்குக் கொடுக்கிற கம்பளி மூட்டைக்குள் இதைச் செருகப் போகிறேன். போன கடிதத்தை நான் எழுதினேன், ஆனால் வார்த்தைகள் அவருடையவை. மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். "அவர்களுக்கு" என்று போடச் சொன்னபோது என் கை நின்றுவிட்டது. "எழுது, மரியாதைதானே" என்றார்.

அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் உனக்கு ஒரு வரியில் சொல்லியிருப்பேன். அதனால்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சின்னப் படகைக் கவிழ்த்துப் போட்டு அடியில் ஒரு பலகையைக் கழற்றியிருக்கிறார், புதுப் பலகை அறுக்கப் போகிறாராம். அறுக்கவில்லை. துடுப்புகள் கொட்டகைக்குள், கொட்டகைச் சாவி அவர் கழுத்தில். போன வாரம் என் பூட்ஸ் இரண்டையும் தார் பூசித் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். இன்னும் தரவில்லை. வீட்டுக்குள் போடுகிற கம்பளிச் செருப்போடுதான் மாட்டுக்கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் போகிறேன். கேட்டால், "எங்க போகணும் உனக்கு? சொல்லு, நான் போயிட்டு வர்றேன்" என்கிறார்.

தார்ப்பாயைத் தைத்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அடுப்புப் பக்கத்தில் விரித்துப் போட்டு அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம் தைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"படகை ஒழுங்கா துடைச்சு, எண்ணெய் போட்டு, மூடி வெச்சா வசந்தம் வரைக்கும் கெடாது. மனுஷங்களை மட்டும் ஏன் அப்படி வைக்க முடியல?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"டாகேவை நான் ஒழுங்கா மூடி வைக்கல. அது என் தப்பு. உன்மேல எனக்குக் கோபமே இல்ல தீரா" என்றார். அப்புறம் தைக்கத் தொடங்கிவிட்டார்.

ஒசியானோடு இப்போதே படகில் ஏறிவிடலாமே என்று நீ கேட்பாய். கடாவை அறுத்துக்கொண்டு ரூனார் முற்றத்திலேயே நிற்கிறார். கையில் கத்தி இருப்பது கடாவுக்காகத்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தக் கையைத் தாண்டிக் கம்பளிச் செருப்போடு நடக்க எனக்குத் தைரியம் வரவில்லை. குடாவில் காலையில் கண்ணாடி மாதிரி பனி ஏடு கட்டியிருந்தது. இனிமேல் படகும் போகாது, பனி ஆளையும் தாங்காது. அந்த நாட்களைத்தான் நினைத்துப் பயப்படுகிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே, எழுதினால் அவர் கையில்தான் கிடைக்கும்.

தீரா


ஓபு
10 ஜனவரி 1956

என் கண்ணே தீரா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. இதை ஒசியான் உன் கையில் கொடுப்பான். முடியாவிட்டால் ராத்திரியில் வந்து மாட்டுக்கொட்டிலில் தீவன வாளிக்குள் போடுவான். பால் கறக்கிற இடத்துக்கு ஆண்கள் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்த அடுத்த நாளே நொர்பிக்குப் போனேன். அந்த வட்டாரக் காவலர் எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார்.

"அடிச்சாரா?" என்றார்.

"இல்ல."

"பட்டினி போட்டாரா?"

"காபி போட்டுக் கொடுக்கிறாராம்."

"அப்புறம் என்னம்மா? படகைக் கரையேத்தறது குத்தம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"அவ பூட்ஸை எடுத்து வெச்சிருக்கார்."

அவர் சிரித்துவிட்டார், தீரா. "என் பொண்டாட்டி என் பூட்ஸை எத்தனை தடவை ஒளிச்சு வெச்சிருக்கா தெரியுமா, நான் சீட்டாடப் போறேன்னு!"

நான் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அதன்பின் ஒசியான் டிசம்பரில், பனிமேல் சறுக்கி நீரிலும் மிதக்கிற தன் பனிப்படகை இழுத்துக்கொண்டு இருமுறை உங்கள் தீவுக்கு வந்தான். இரண்டு தடவையும் உன் வீட்டுக்காரர் கரைப் பாறையிலேயே நின்று தபாலை வாங்கிக்கொண்டார். "தீராவுக்குக் காய்ச்சல், தூங்குறா" என்றாராம். இரண்டாம் தடவையும் அதே வார்த்தை. ஒசியான் அதைச் சொன்ன அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நீ உயிரோடு இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இப்போது கேள். இந்த வருடக் குளிர் கடுமை. இந்த மாதக் கடைசியில் பனி ஆளைத் தாங்கும் என்கிறான் ஒசியான். ஒவ்வொரு வருடமும் போல நொர்பியிலிருந்து பனிமேல் பாதை காட்டச் சூரைச்செடிக் கிளைகளை நட்டுக்கொண்டே வருவான். இம்முறை யாரும் கேட்காமலேயே உங்கள் தீவுக்கு மேற்கே இருக்கிற மொட்டைப் பாறைவரை நடுவான். செடியை விட்டு விலகாதே. செடி இருக்கிற இடத்தில் பனி கெட்டி, விலகினால் நீரோட்டம் கீழே அரித்திருக்கும். உன் வீட்டுக்காரர் பனியைத் துளைத்து வலைபோடத் தெற்கே போகிற நாளாகப் பார். படகைத்தானே அவர் பூட்டி வைத்திருக்கிறார், கடலை அல்ல.

நீ வருகிறவரை விளக்கை அணைக்கமாட்டேன்.

உன் எட்லா


ஹாரு தீவு
12 பிப்ரவரி 1956

மதிப்புக்குரிய எட்லாவுக்கு,

நான் கடிதம் எழுதிப் பழகாதவன். தப்பிருந்தால் மன்னிக்கவும்.

தீரா வீட்டில் இல்லை. நான் வலை பார்த்துவிட்டு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பால் கறந்திருந்தது, அவள் இல்லை. என் பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். அவள் காலுக்கு அது ரொம்பப் பெரிது. உள்ளே வைக்கோல் திணித்திருப்பாள் என்று நினைக்கிறேன், கொட்டிலில் வைக்கோல் சிதறிக் கிடந்தது.

மேற்கே மொட்டைப் பாறைவரை கால்தடம் இருந்தது. அதன்பின் காற்று பனிப்பொடியை வாரிப் போட்டுவிட்டது. பாறைக்கு அப்பால் ஓர் இடத்தில் கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. அதன் விளிம்புவரை படுத்து ஊர்ந்து போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுநாளும் போனேன்.

நான் எந்தப் பொருளையும் கெடவிட்டவன் அல்ல, அது உங்களுக்கே தெரியும். அவளை ஒரு குறையும் இல்லாமல்தான் வைத்திருந்தேன். அவள் உங்களிடம் வந்தாளா என்று மட்டும் சொல்லுங்கள். ஆம், இல்லை, ஒரு சொல் போதும். ஒசியானைக் கேட்டால் என் முகத்தைப் பார்க்காமல் போகிறான்.

பதில் வராவிட்டால் நானே வந்து கேட்கிறேன். இப்போது வரமுடியாது. மாட்டைப் பார்க்க ஆளில்லை. படகு இறங்கட்டும்.

ரூனார்


கோதன்பர்க்
18 மார்ச் 1956

என் அன்பு அக்கா,

கப்பல் ஏற்றிவிட்டு நீ துறையில் நின்று கைக்குட்டையை ஆட்டாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாயே, அதை இன்னும் நினைத்துச் சிரிக்கிறேன். டாகே ரயில்நிலையத்துக்கு வந்திருந்தான். உயரமாகிவிட்டான், மீசை வேறு. "அம்மா, ஏன் இவ்வளவு சின்னதா போயிட்டே?" என்றான். நடைமேடையிலேயே அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். நம் ஊராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பேன்.

அவனுடைய கப்பல்கட்டும் தளத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பனியில் விறைத்துக் கறுத்துப்போன இடது கால் சுண்டுவிரலை டாக்டர் எடுத்துவிட்டார். ஒரு விரல்தானே என்று டாகேவிடம் சொன்னேன். அவன் வெளியே போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தான்.

உன் வீட்டில் இருந்தபோது நடந்து வந்ததைப் பற்றி நான் பேசவேயில்லை, நீயும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். மொட்டைப் பாறையைத் தாண்டியதும் ஒரு செடி சாய்ந்து கிடந்தது. எதிரே அடுத்த செடி தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. கால் வைத்த இடத்தில் பனி முனகியது. நான் நின்றுவிட்டேன். அப்போது, சிரிக்காதே, திரும்பிப் போய்விடலாமா என்றுதான் தோன்றிற்று. அடுப்பில் கட்டை போட்டுவிட்டு வந்திருந்தேன், வீடு சூடாக இருக்கும், காபி இருக்கும். அந்த நினைப்புக்குத்தான் பயந்தேன், பனிக்கு அல்ல. மண்டியிட்டு ஊர்ந்தேன். அப்புறம் அடுத்த செடி தெரிந்தது.

அவர் உனக்கு எழுதிய கடிதத்தை நீ காட்டியபோது நான் வாசிக்கமாட்டேன் என்று சொன்னது உண்மைதான். ஆனால் ராத்திரி நீ தூங்கியபின் வாசித்தேன். தண்ணீர் விளிம்புவரை ஊர்ந்து போனாராம். பாவம். அந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுதாதது நல்லது. எழுதியிருந்தால் நான் அதில் ஒரு வரி சேர்த்திருப்பேன்.

டாகே ஸ்வீடனில் இருப்பது அவருக்குத் தெரியும், எந்த ஊரென்று தெரியாது. நீ அடிக்கடி எழுது. உன் கடிதம் வருகிற நாளெல்லாம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

உன் தீரா


ஓபு
23 செப்டம்பர் 1956

என் தங்கமே தீரா,

இந்தக் கடிதத்தை நான் இங்கே தபாலில் போடவில்லை. சலவைக்கூடத்துத் தோழி ஒருத்தி தன் ஊருக்குப் போகிறாள், அங்கிருந்து போடுவாள். ஏனென்று சொல்கிறேன். கோடை முழுக்க உன்னிடம் மறைத்துவிட்டேன், பயப்படுவாயே என்று. இனி மறைக்கக் கூடாது.

மே மாதம் ஒரு காலையில் ஜன்னல் திரையை விலக்கினேன். எதிரே ஆற்றங்கரையில் உன் படகு கட்டிக் கிடந்தது. புதுச் சாயம், கயிறெல்லாம் அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. ரூனார் மேல்தட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து தொப்பியை எடுத்தான்.

கதவைத் தட்டி வந்தான். வாசலைத் தாண்டி உள்ளே கால் வைக்கவில்லை. "அவ உயிரோட இருக்காளா?" என்றான். என்ன இருந்தாலும் மனிதன், அதைக்கூடச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. "இருக்கா" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எங்கே?" என்றான். "சொல்லமாட்டேன்" என்றேன். தலையை ஆட்டினான். "பரவாயில்ல. நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் படகுக்குப் போய்விட்டான்.

மாட்டையும் ஆட்டையும் விற்றுவிட்டானாம். படகிலேயே குடியிருக்கிறான். இந்தத் தெருவில் அவனைப் பிடிக்காதவர்கள் யாருமில்லை, தீரா. கிழவிகளுக்கு விறகு பிளந்து கொடுக்கிறான், பிள்ளைகளுக்குத் தூண்டில் கட்டிக் கொடுக்கிறான். மாடிவீட்டுக்காரி, "உங்க தங்கச்சி புருஷன் தங்கமான மனுஷன், அவ எப்படி விட்டுட்டுப் போனா?" என்று என்னிடமே கேட்கிறாள். நான் வேலைக்குப் போகும்போது வணக்கம் சொல்கிறான், வரும்போது வணக்கம் சொல்கிறான். வேறொன்றும் சொல்வதில்லை. வாசலில் என் பெட்டிக்குத் தபால் வருகிற நேரத்துக்கு மட்டும் படகிலிருந்து இறங்கி வந்து தபால்காரரோடு வானிலை பேசுகிறான். ஜூலையில் நீ எழுதியது ஒருநாள் தாமதமாக வந்தது. உறை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் தபால்தலையின் ஒரு மூலை ஈரம் பட்டு எழும்பியிருந்தது. தபால் முத்திரையில் ஊர்ப்பெயர் பாதிதான் பதிந்திருந்தது, அதற்கு ஆண்டவனுக்கு நன்றி. அடுத்தது முழுதாகப் பதிந்து வந்துவிட்டால்?

குளிர் வரட்டும், ஆறு உறையும், படகைக் கரையேற்றத் தீவுக்குப் போய்த்தானே ஆகவேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். நேற்று அந்த நம்பிக்கையும் போயிற்று. சந்தையிலிருந்து வரும்போது பாலத்துக்குக் கீழே படகுப் பட்டறைக்காரரோடு அவன் நின்றிருந்தான். அடிப்பலகையைத் தட்டிக் காட்டி, இன்ஜினில் தண்ணீரை எப்போது வடிக்கலாம், தார்ப்பாய்க்குக் கம்பு எங்கே வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். பட்டறைக்காரர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் இந்தக் குளிர்காலம் படகை நம்ம கொட்டகையிலதான் வைக்கிறார். பக்கத்துலயே ஒரு அறையும் எடுத்துட்டார். இந்த வருஷம் சீக்கிரமாவே கரையேத்தணும்னு சொல்றார்."

அவன் என்னைப் பார்த்துத் தொப்பியை எடுத்தான்.

ஆகவே, தீரா, வீடு மாறு. முடிந்தால் ஊரும் மாறு, டாகேவையும் கூட்டிக்கொண்டு போ. புது விலாசத்தை எனக்குத் தெரிவிக்காதே. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பாதே, என் பிறந்தநாளுக்கு அனுப்பாதே. நான் நோயில் படுத்தேன் என்று யார் சொல்லி அனுப்பினாலும் நம்பாதே, வராதே.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். உன் கையெழுத்து என் கதவுக்கு வராத ஒவ்வொரு நாளும் நீ நலமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா
எட்லா